பத்துமலைக்கே உரிய பல்லி

பத்துமலை வளைவிரல் பல்லி உலகத்தில் ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழ்கிறது. கோலாலம்பூரின் நடுப்பகுதியிலிருந்து வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், சமதரையிலிருந்து சுவர் எழுப்பியதுபோல் நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்று அது. தைப்பூசத்தாலும் முருகன் கோயிலாலும் உலகத் தமிழர்கள் பெரும்பாலோர் பெயரளவிலாவது அறிந்த இடம். அந்தப் பல்லிக்கு அறிவியல் வைத்த பெயர் சைர்டோடாக்டைலஸ் மெட்ரோபோலிஸ். முதுகெலும்புள்ள உயிர்களில் இந்தக் குன்றை விட்டால் வேறெங்கும் இல்லாதது என்று அறியப்பட்டது இது ஒன்றுதான். பெயர் கிடைத்தது 2014-ல். அதற்குள் அங்கே தைப்பூசம் 120 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவிட்டது. குன்றின் ஒரு பகுதியைக் கல்குவாரிகள் வெட்டித் தின்றுவிட்டன. குகைப் பாம்பும் குகைச் சிலந்தியும் எப்போதோ நூல்களில் ஏறிவிட்டன. பல்லி மட்டும் எல்லோர் கண் முன்னாலும், எவர் கணக்கிலும் சேராமல், பாறை இடுக்கில் இருந்துகொண்டிருந்தது.

பெயரில் உள்ள 'பத்து' எண்ணைக் குறிப்பதல்ல. மலாய் மொழியில் பத்து என்றால் கல். குன்றின் அருகே ஓடும் சுங்கை பத்து, அதாவது கல் ஆறு, தன் பெயரைக் குன்றுக்குக் கொடுத்தது. ஆனால் தமிழ்க் காது அந்தச் சொல்லைத் தன் வழியிலேயே கேட்டது. தமிழகத்தில் அறுபடை வீடு, மலேசியாவில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை, அவற்றோடு இதையும் சேர்த்தால் பத்தாவது மலை என்று பக்தர்கள் கணக்குச் சொல்வதுண்டு. கல்லின் பெயர் எண்ணாக மாறி, எண் பக்தியாக மாறியது இப்படித்தான். பல்லியின் கதைக்கோ முதல் பொருளே வேண்டும். அதன் வாழ்வு முழுக்கக் கல்லைச் சார்ந்தது.

இந்தச் சுண்ணாம்புக்கல்லின் வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டு. ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடியில் சிப்பிகளும் பவளங்களும் மடிந்து படிந்து இறுகிய பாறை, பின்னர் நிலத்தின் அசைவில் மேலெழுந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, பாறையின் வெடிப்புகளில் இறங்குகிறது. கருங்கல்லை அசைக்க முடியாத அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துவிடும். வெடிப்பு சந்தாகிறது, சந்து சுரங்கமாகிறது, சுரங்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மண்டபமாகின்றன. கரைந்த சுண்ணாம்பு வேறோரிடத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்து, கூரையில் கல்விழுதாகத் தொங்குகிறது, தரையில் கல்முளையாக வளர்கிறது. கோயில் இருக்கும் பெருங்குகையின் கூரை சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, படிக்கட்டின் ஓரத்தில் வாய் திறக்கும் இருட்டுக் குகையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதைகள் கிளைத்து ஓடுகின்றன.

சமதரையில் தனித்து நிற்கும் சுண்ணாம்புக் குன்று ஒரு தீவைப் போன்றது. சுற்றிலும் கடலுக்குப் பதில் காடும் ஆற்றுமண்ணும். இன்று அந்த இடத்தில் வீடுகளும் விரைவுச்சாலைகளும். மெல்லிய மண்ணும், சுண்ணாம்புச் சத்தும், உச்சியில் கொதிக்கும் வெயிலும், குகைக்குள் மாறாத ஈரமும் உள்ள இந்தக் குன்றுகளில் வாழப் பழகிய உயிர்களுக்கு அடுத்த குன்றுக்குப் போகும் வழி எளிதல்ல. பல லட்சம் ஆண்டுகள் தனியே அடைபட்டால் ஒவ்வொரு குன்றும் தனக்கென ஒரு வகையை உருவாக்கிவிடுகிறது. தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்புக் குன்றுகள் அரை விழுக்காடுகூட இல்லை. ஆனாலும் அவற்றில் 1,200-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் பதிவாகியுள்ளன. பத்துமலையில் மட்டும் 350-க்கும் மேல். நத்தைகளில் ஒரே குன்றுக்கு உரியவை ஏராளம். பல்லிகளிலும் அப்படியே என்பது கடந்த இருபது ஆண்டுகளில்தான் தெளிவாகத் தெரிந்தது.

வளைவிரல் பல்லிகளின் பேரினத்துக்குச் சைர்டோடாக்டைலஸ் என்று பெயரிட்டவர் ஜான் எட்வர்ட் கிரே. ஆண்டு 1827. கிரேக்க மொழியில் அதற்கு 'வளைந்த விரல்' என்றே பொருள். பினாங்கில் வாழும் ஒரு பல்லிதான் அந்தப் பேரினத்தின் முதல் வகை. இன்று அதில் அறியப்பட்டவை 300-ஐத் தாண்டிவிட்டன. முதுகெலும்பிகளில் இவ்வளவு வகைகளைக் கொண்ட பேரினங்கள் மிகச் சிலவே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்கூட இந்தப் பேரினத்தின் ஒரு கிளை உண்டு. அவை பாறையில் ஏறாமல் காட்டுத் தரையில், சருகுக்கு இடையில் வாழும் சிறு பல்லிகள். உறவு ஒன்றானாலும் பிழைப்பு வேறு.

வீட்டுச் சுவரில் திரியும் பல்லியைத் தெரிந்தவர்கள் பத்துமலைப் பல்லியைக் கண்டால் முதலில் அதன் கால் விரலில்தான் வேற்றுமை காண்பார்கள். சுவர்ப் பல்லியின் விரலடி அகன்று, குறுக்கே மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகளில் உள்ள கண்ணுக்குத் தெரியாத மயிர்கள்தான் அதைக் கண்ணாடியிலும் ஒட்டி நிற்க வைக்கின்றன. வளைவிரல் பல்லிக்கு அந்த வசதி இல்லை. அதன் விரல்கள் ஒல்லியானவை. கணுவில் மேல்நோக்கி மடங்கி, மறுபடி கீழிறங்கி, கூரிய நகத்தில் முடிகின்றன. பறவையின் கால் விரலைப் பார்ப்பதுபோல இருக்கும். வழவழப்பான சுவரில் இந்தக் கால் வழுக்கும். மழை அரித்துச் சொரசொரப்பான சுண்ணாம்புக்கல்லில் ஒவ்வொரு நகமும் ஒரு குழியைப் பிடித்துக்கொள்ள, பல்லி தலைகீழாகவும் ஓடும்.

இரவில் குகை வாயிலில் விளக்கொளி பட்டால் முதலில் தெரிவது அதன் கண். உடலோடு ஒப்பிட்டால் கண் பெரியது. பாவை பகலில் செங்குத்தான கீற்றாகச் சுருங்கியும் இருளில் அகன்றும் இருக்கும். மூடித் திறக்க இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு தோல்தான். அதில் தூசி படிந்தால் பல்லி நாக்கை நீட்டிக் கண்ணையே நக்கித் துடைத்துக்கொள்ளும். பழுப்பு உடலில் அடர்ந்த நிறக் குறிகள் பாறையின் நிழலோடும் கறையோடும் கலந்துவிடுகின்றன. முதுகில் சிறு செதில்களுக்கு நடுவே புடைத்த மணிகள் வரிசையாக எழும்பியிருக்கும். தொட்டால் உப்புக் காகிதத்தைத் தொட்டதுபோல் சொரசொரக்கும். துரத்தினால் வாலை உதறிவிட்டு ஓடும். மறுபடி முளைத்த வாலில் பழைய பட்டைகள் இரா. பல்லி ஒன்றின் கடந்த கால ஆபத்தை அதன் வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தப் பேரினத்தின் வழக்கப்படி ஓர் ஈட்டில் இரண்டு முட்டைகள். ஓடு கெட்டியானது, எனவே காய்ந்த பாறைச் சந்திலும் கெடாமல் கிடக்கும்.

குகைப் பல்லி என்றாலும் இது முழு இருட்டின் பிராணி அல்ல. கண்ணும் நிறமும் இழந்த குகை மீன்களைப்போல் குகைக்கு உள்ளேயே அடங்கிவிட்ட உயிர்கள் உண்டு. குன்றில் வாழும் வளைவிரல் பல்லிகளின் வாழ்க்கை வேறு. பகலில் வெடிப்பிலும் குகையின் மங்கலான பகுதியிலும் ஒடுங்கியிருந்து, இருட்டியதும் குகைச் சுவருக்கும் குன்றின் வெளிமுகத்துக்கும் அடிவாரச் செடிகளுக்கும் வந்து பூச்சி பிடிக்கின்றன. வெளிக்காட்டின் உணவும் குகையின் பாதுகாப்பும் ஒருசேரக் கிடைக்கும் இந்த விளிம்புதான் அவற்றின் வீடு. குகையில் வாழும் வகைகளுக்குப் பெரிய கண்ணும் தட்டையான உடலும் நீண்ட கால்களும் பொதுவாக அமைந்திருப்பது இந்த வாழ்க்கைக்காகத்தான்.

குகைக்குள் பச்சையம் இல்லை. அங்கே உள்ள உயிர்களுக்கெல்லாம் சோறு போடுவது வௌவால்தான். மாலையில் கூட்டமாகப் பறந்து போய், விடியலில் வயிறு நிறைந்து திரும்பித் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களின் எச்சம் தரையில் மெத்தையாகச் சேர்கிறது. அதில் பூசணம் பூக்கிறது. பூசணத்தையும் எச்சத்தையும் கரப்பான்களும் புழுக்களும் மரவட்டைகளும் தின்கின்றன. அவற்றைக் குகைப் பூரான்களும் சிலந்திகளும் பல்லிகளும் பிடிக்கின்றன. பல்லியைப் பாம்பு பிடிக்கிறது. பத்துமலையின் வௌவால்களில் ஒன்றான குகைத் தேன் வௌவால் இரவில் பல பத்து கிலோமீட்டர் பறந்து, கடலோரச் சதுப்புநில மரங்களின் பூக்களையும், டுரியான், பெத்தாய் மரங்களின் பூக்களையும் தேடிப்போகிறது. 1970-களில் பத்துமலை வௌவால்களை வைத்து நடந்த ஆராய்ச்சிதான் டுரியானின் மகரந்தச் சேர்க்கைக்கு இவை எவ்வளவு தேவை என்பதைக் காட்டியது. சிலாங்கூர்ச் சந்தையின் டுரியானும் குகைச் சுவரின் பல்லியும் ஒரே வௌவாலின் கணக்கில் வருகின்றன.

மனிதர்களும் இந்த எச்சத்தின் வழியாகத்தான் குன்றுக்குள் முதலில் தொழில் நடத்த வந்தார்கள். அதற்கும் முன்பே தெமுவான் என்னும் பழங்குடி மக்கள் காட்டில் வேட்டைக்கும் சேகரிப்புக்கும் போகும் வழியில் குகை வாயில்களில் தங்குவது வழக்கம். 1860-களில், வெள்ளீயச் சுரங்கங்களை நம்பிக் கோலாலம்பூர் முளைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், சீனக் குடியேறிகள் குகைக்குள் இறங்கி வௌவால் எருவை வெட்டி எடுத்துத் தங்கள் காய்கறித் தோட்டங்களுக்கு இட்டார்கள். சுரங்கக் கூலிகளின் தட்டில் விழுந்த கீரைக்குப் பின்னால் இந்தக் குகை இருந்தது. பந்தத்தோடு போன அந்த எருக்காரர்கள் பல்லியைக் கண்டிருக்கவே வேண்டும். ஆனால் எழுதி வைக்கும் வேலை அவர்களுடையதாக இருக்கவில்லை.

எழுத்தில் குன்றை ஊரறியச் செய்தவர் வில்லியம் டெம்பிள் ஹார்னடே என்னும் அமெரிக்கர். அருங்காட்சியகங்களுக்கு விலங்குத் தோல்களும் எலும்புக்கூடுகளும் சேகரித்து விற்ற ஒரு நிறுவனத்துக்காக அவர் இந்தியா, இலங்கை, மலாயா, போர்னியோ என்று சுற்றினார். ஆனைமலைக் காடுகளில் யானை வேட்டையாடியதும் அந்தப் பயணத்தில்தான். 1878-ல் சிலாங்கூர் காவல்துறையின் சையர்ஸ் என்ற அதிகாரியோடு பத்துமலைக்குப் போனார். 1885-ல் வெளிவந்த அவருடைய பயண நூல் குகைகளை வெளியுலகுக்குக் காட்டியது. பெரிய விலங்குகளைத் தேடிய கண் அவருடையது. குகையின் பிரமாண்டம் அதில் பட்டது, சுவரில் ஒட்டியிருந்த சிறு உயிர் படவில்லை.

அடுத்து வந்தவர்கள் குகைக்குள் வாழும் உயிர்களையே தேடி வந்தார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநரும், மலாயாவில் ரப்பர்ப் பயிர் பரவ முக்கியக் காரணமாக இருந்தவருமான ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி 1898-ல் சிலாங்கூர்க் குகைகளின் வெள்ளைப் பாம்பைப் பற்றி எழுதினார். வெளிறிய மஞ்சள் உடல், கண்ணோரம் கறுப்புக் கோடு. குகைச் சுவரின் விளிம்புகளில் சுருண்டிருந்து, பறக்கும் வௌவாலை எட்டிப் பிடிக்கும் நஞ்சில்லாப் பாம்பு அது. சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் காப்பாளர் பட்லர் 1899-ல் அதற்கு ரிட்லியின் பெயரையே சூட்டினார். 1923-ல் ஆபிரகாம் என்ற ஆய்வாளர் குகைச் சிலந்தி ஒன்றுக்கு லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று பெயரிட்டார். அந்தச் சிலந்தியின் வயிறு கண்டம் கண்டமாகப் பிரிந்திருக்கும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிலந்திகளின் அமைப்பை இன்றும் சுமக்கும் குலம் அது. பட்டு நூலால் குழல் கட்டி, வாயிலுக்குக் கதவு போட்டு, கதவடியிலிருந்து ஏழெட்டு இழைகளைப் பாறைமேல் விரித்துவிட்டு உள்ளே காத்திருக்கும். இழை தடுக்கிய பூச்சியைக் கதவு திறந்து பாய்ந்து பிடிக்கும். 1929-ல் பத்துமலை விலங்குகளைப் பற்றி நீண்ட கட்டுரையே வெளிவந்தது. வெப்பமண்டலக் குகைகளில் மிக நன்றாக ஆராயப்பட்டது என்ற பெயர் இருட்டுக் குகைக்கு உண்டானது.

இதே காலத்தில் குன்றின் தலைவிதியை மாற்றியவர் காயாரோகணம் தம்புசாமி பிள்ளை. சிங்கப்பூரில் 1850-ல் பிறந்து, சிலாங்கூர் அரசுப் பணியிலும் வெள்ளீயத் தொழிலிலும் உயர்ந்து, கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை 1873-ல் நிறுவியவர். பத்துமலைக் குகையின் வாய் அவர் கண்ணுக்கு வேலின் வடிவமாகத் தெரிந்தது. 1891-ல் அங்கே முருகனுக்குக் கோயில் ஏற்பட்டது. 1892-லிருந்து தைப்பூசம் நடந்துவருகிறது. தோட்டப்புறங்களிலிருந்தும் ரயில்வே குடியிருப்புகளிலிருந்தும் காவடியோடும் பால்குடத்தோடும் வந்தவர்கள் முதலில் பாறையில் தொற்றித்தான் ஏறினார்கள். 1920-ல் மரப்படிகள் வந்தன. பின்னர் அவை 272 கான்கிரீட் படிகளாயின. கடல் கடந்து வந்து, ரப்பர்க் காட்டில் முதுகொடிந்து உழைத்த மக்களுக்குத் தங்கள் ஊரின் மலைக்கோயில் ஒன்று இங்கேயும் கிடைத்தது. அந்த ஆறுதல் எவ்வளவு பெரியது என்பதை இன்றும் அந்தப் படிகளில் ஏறும் கூட்டம் சொல்கிறது. குன்றுக்கும் அது ஒருவகைக் காவலாயிற்று. சாமி இருக்கும் மலையை முழுதாக வெட்ட யாரும் துணியவில்லை.

முழுதாக வெட்டவில்லையே தவிர, வெட்டாமலும் விடவில்லை. வளரும் கோலாலம்பூருக்குக் கல்லும் சுண்ணாம்பும் தேவைப்பட்டன. மிக அருகில் கிடைத்தது இந்தக் குன்று. பல பத்தாண்டுகள் கோயிலுக்கு மறுபுறம் வெடிவைத்துக் கல் எடுத்தார்கள். கோயிலைப் பற்றிய அச்சமும், குகைகளைப் பற்றி மலேசிய இயற்கைக் கழகத்தார் எழுப்பிய குரலும் சேர்ந்து 1980-ஐ ஒட்டிக் குவாரி வேலை நின்றது. வெட்டுப்பட்ட முகங்கள் இன்றும் செடி ஏறாமல் வெளிறித் தெரிகின்றன. சுண்ணாம்புக் குன்றில் ஒரு பக்கத்தை வெட்டுவது, காட்டில் ஒரு பகுதியை வெட்டுவதைப் போன்றதல்ல. காடு மறுபடி வளரும். 40 கோடி ஆண்டுப் பாறையில் மழை துளைத்த சந்தும் புழையும் ஒருமுறை போனால் போனதுதான். அந்தச் சந்துகளில் வாழ்ந்த உயிர்களில் எத்தனை பெயர் பெறாமலே மறைந்தன என்பதற்குக் கணக்கு எழுத இடமே இல்லாமல் போயிற்று.

இத்தனை பேர் வந்து போன இடத்தில் பல்லி ஏன் ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பியது என்பது கேட்கத்தக்க கேள்வி. ஆராய வந்தவர்கள் பெரும்பாலும் இருட்டுக் குகையின் உட்பகுதிக்குப் போனார்கள். எச்ச மேட்டில் வாழும் பூச்சிகளும் சிலந்திகளும்தான் குகை உயிரியலின் அதிசயங்களாகத் தோன்றின. பல்லியோ விளிம்பில் வாழ்வது, இரவில் திரிவது. அதைவிட முக்கியம், வளைவிரல் பல்லிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பவை. பழைய வகைப்பாட்டில், நாடு முழுக்கப் பரவிய சில வகைகளே உண்டு என்று எண்ணிய காலத்தில், எங்கே எந்தப் பல்லி கிடைத்தாலும் ஏற்கெனவே இருந்த ஒரு பெயருக்குள் அடக்கிவிடலாம். நன்றாக ஆராயப்பட்ட இடம் என்ற புகழே ஒரு திரையாகவும் ஆனது. எல்லாம் தெரிந்த குகையில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு வந்துவிட்டால் கையிலுள்ள விளக்குகூடச் சரியாக எரியாது.

அந்த நினைப்பை உடைத்தது கலிபோர்னியாவின் லா சியேரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ கிரிஸ்மரும் அவருடைய மலேசிய, அமெரிக்கக் கூட்டாளிகளும் தீபகற்பத்தின் குன்று குன்றாக இரவுகளில் ஏறி இறங்கிச் செய்த வேலை. அவர்கள் முறை பொறுமையின் முறை. கிடைத்த பல்லியின் முதுகு மணிகள் எத்தனை வரிசை, வயிற்றின் குறுக்கே எத்தனை செதில், பின்னங்காலின் நான்காம் விரலடியில் எத்தனை தகடு, தொடையடியில் மெழுகு கசியும் துளைகள் உண்டா, உண்டென்றால் எத்தனை, எங்கே விட்டுப்போகின்றன என்று உருப்பெருக்கியின் கீழ் எண்ணுவார்கள். கூடவே வாலிலிருந்தோ ஈரலிலிருந்தோ சிறு திசுவெடுத்து மரபணுவை ஒப்பிடுவார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்த பல்லிகள் பல லட்சம் ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்தவை என்பது இப்படித்தான் வெளிப்பட்டது. பினாங்கின் பழைய வகை என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டவை 2012-ல் பல வகைகளாகப் பிரிந்தன. ஈப்போவுக்கு அருகே குவா காந்தான் குன்றின் பல்லி 2014-ல் தனிப்பெயர் பெற்றது. அதே ஆண்டில்தான் பத்துமலைப் பல்லியும். கிரிஸ்மரோடு பெரி வுட், சான் கின் ஒன், ஷாருல் அனுவார், அப்துல் முயின் ஆகியோர் எழுதிய அந்தக் கட்டுரை, பெருநகரத்தின் நடுவே வாழ்வதைக் குறித்து அதற்கு மெட்ரோபோலிஸ் என்று பெயரிட்டது.

காஞ்சிபுரம் வரதராசர் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க மக்கள் வரிசையில் நிற்பார்கள். பத்துமலையில் உயிருள்ள பல்லி ஒன்று, உலகில் வேறெங்கும் இல்லாதது, பக்தர்கள் ஏறும் படிக்கட்டுக்கு எட்டும் தொலைவில் பாறைக்குள் இருக்கிறது. இதைக் கோயிலின் பெருமைகளில் ஒன்றாகவே சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் வைப்பது எப்போதும் நன்மையாகவே முடிவதில்லை. கிரிஸ்மரும் வேறு இருவரும் 1999-ல் தென்சீனாவின் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து கோனியூரோசாரஸ் லூயி என்ற இமையுள்ள குகைப் பல்லியை விவரித்தார்கள். கட்டுரையில் சொன்ன இடத்தைப் படித்த வளர்ப்புப் பிராணி வணிகர்கள் அங்கேயே போய் இறங்கினார்கள். ஒரு பல்லி 1,500 முதல் 2,000 டாலர்வரை விலைபோனது. சில ஆண்டுகளில் அந்த இடத்தில் பல்லியே இல்லாமல் போயிற்று. அறிவியல் விவரிப்பே ஓர் உயிருக்கு ஆபத்தாக முடியலாம் என்று 2006-ல் எச்சரித்து எழுதியவர்களில் கிரிஸ்மரும் ஒருவர். அதன் பிறகு பல ஆய்வாளர்கள் குகைப் பல்லிகளின் சரியான இடத்தைக் கட்டுரையில் எழுதாமல், கேட்கும் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் சொல்கிறார்கள். பத்துமலைப் பல்லிக்கு அந்த மறைப்பு சாத்தியமே இல்லை. அதன் முகவரி நாடறிந்தது.

மறுபுறம், பெயர் இல்லாத உயிருக்காக யாரும் வாதாட முடியாது என்பதும் உண்மை. கிளந்தானில் குவாரி வெட்டிக்கொண்டிருந்த ஒரு குன்றில் கிடைத்த வளைவிரல் பல்லிக்கு 2016-ல் கிரிஸ்மர் குழு 'ஹிடுப்செலாமான்யா' என்று பெயர் வைத்தது. மலாய் மொழியில் 'என்றென்றும் வாழ்க' என்று பொருள். குன்று போனால் அதுவும் போய்விடும் என்ற நிலையில் வைத்த பெயர் அது.

பத்துமலையில் இன்று குவாரி இல்லை. வேறு நெருக்கடிகள் உண்டு. 2006-ல் அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்தது. 2010-ல் மின்ரயில் நேராகக் கோயில் வாசலுக்கே வந்தது. 2012-ல் குன்றின் அருகே 29 மாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டத்தை எதிர்த்துக் கோயிலாரும் சுற்றுவட்டார மக்களும் ஒன்றாகத் திரண்டார்கள். 2018-ல் படிகள் வண்ணம் பூண்டன. தைப்பூச நாட்களில் மட்டும் பல லட்சம் பேர். ஆண்டு முழுவதும் சுற்றுலாப் பயணிகள். அவர்கள் போடும் உணவை நம்பிப் பெருகிய குரங்குக் கூட்டம். இரவு முழுதும் எரியும் விளக்குகள். விளக்கொளிக்குக் கூடும் பூச்சிகளைத் தேடி, மனிதரோடு எங்கும் பரவும் சாதாரண வீட்டுப் பல்லி வரும். பாறை இடுக்கின் பல்லிக்கு இருட்டுதான் வேண்டும். அடிவாரக் காடு சுருங்கச் சுருங்க அதன் இரைக்களமும் சுருங்குகிறது. வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுவதும், விளிம்பைக் குப்பை மூடுவதும், வௌவால் குகையை விட்டுக் கலைவதும், குவாரியைப்போல் சத்தம் போடாமலே அதே வேலையைச் செய்யும்.

இயற்கைக் கழகத்தின் மேற்பார்வையில் வழிகாட்டிகளோடு பார்வையாளரை அழைத்துச் சென்ற இருட்டுக் குகை 2019-ல் மூடப்பட்டது. வாயிலுக்கு முன்னால் படிக்கட்டில் கூட்டம் ஏறி இறங்குகிறது. உள்ளே வௌவால்கள் அந்தியில் புறப்பட்டு விடியலில் திரும்புகின்றன, எச்சத்தின்மேல் கரப்பான்கள் ஊர்கின்றன, பட்டுக் கதவுக்குப் பின்னால் சிலந்தி காத்திருக்கிறது. கடைசி ரயில் போய்க் கோயில் மணி ஓய்ந்த பிறகு வளைவிரல் பல்லி வெடிப்பிலிருந்து தலையை நீட்டி, கண்ணை ஒருமுறை நக்கிவிட்டு, பாறைமேல் இறங்கி வருகிறது.